40 தப்படி, யாருடைய தப்படி?

கேள்வி: நானும் என் 10 வயது மகளும் ஒரு இயற்கைக் காப்பகத்தின் நடைபாதையில் லெட்டர்பாக்ஸ் தேடிப் போனோம் (எழுதி வைத்த குறிப்பைப் பின்பற்றி, யாரோ ஒளித்து வைத்த பெட்டியைக் கண்டுபிடிக்கும் விளையாட்டு). குறிப்பு இப்படி இருந்தது: ‘இரண்டாவது மரப்பாலம் தாண்டியதும் 40 தப்படி. கவட்டை மரத்தடியில் நின்று 120 டிகிரி பார். 15 தப்படியில் பாசி பிடித்த பாறை. அதன் முதுகுப்பக்கம் இருக்கிறேன்.’ மகள்தான் ஆசையாக எண்ணிக்கொண்டு போனாள். கவட்டை மரம் இருந்தது. பாசி பிடித்த பாறைகள் நிறையவே இருந்தன. ஒரு மணி நேரம் தேடியும் பெட்டி கிடைக்கவில்லை. எங்கே தவறினோம்? பாதையை விட்டு எவ்வளவு தூரம் உள்ளே போகலாம்? பெட்டி கிடைத்தால் அதிலுள்ள நோட்டில் பதிக்க, மகளுக்கென்று தனியாக ரப்பர் ஸ்டாம்ப் வேண்டுமா?

பதில்: ‘மகள்தான் எண்ணினாள்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கிருந்தே தொடங்கலாம்.

பெட்டியை ஒளித்தவர் அநேகமாகப் பெரியவராக இருப்பார். பெரியவர் ஒருவர் சாதாரணமாக நடக்கும்போது ஓர் எட்டு, அதாவது ஒருமுறை கால் எடுத்து வைக்கும் தூரம், சுமார் இரண்டரை அடி. 40 எட்டு என்றால் 100 அடி. 10 வயதுப் பிள்ளையின் எட்டு ஏறக்குறைய 2 அடிதான், அதனால் 80 அடியிலேயே எண்ணிக்கை முடிந்துவிடும். அங்கே நின்று சுற்றிலும் பார்த்தால் ஏதாவது ஒரு கவட்டை மரம் கண்ணில் படும். ‘இதுதான்’ என்று மனம் அதைப் பிடித்துக்கொள்ளும். மரம் தப்பானால் பாறையும் தப்பு. அதற்குப் பிறகு எவ்வளவு நேரம் தேடினாலும் பயனில்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. தப்படி என்பதை எல்லோரும் ஒரே மாதிரி எண்ணுவதில்லை. சிலர் ஒவ்வொரு எட்டையும் ஒன்று என்று எண்ணுவார்கள். சிலர் ஒரே கால் மறுபடி தரையில் படும்போதுதான் ஒன்று என்பார்கள். ரோமானியர்கள் எண்ணியது இரண்டாவது முறையில்தான். அப்படி ஆயிரம் தப்படி சேர்ந்த தூரத்திலிருந்து வந்ததே மைல் என்ற சொல். உங்கள் குறிப்பை எழுதியவரும் அந்தக் கணக்கில் எண்ணியிருந்தால், உங்கள் கவட்டை மரம் பாலத்திலிருந்து 200 அடி தள்ளி நிற்கும்.

எது சரி என்று எப்படிக் கண்டுபிடிப்பது? குறிப்பிலேயே அளவுகோல் இருக்கும். சந்தேகமே இல்லாத இரண்டு இடங்களுக்கு நடுவே தப்படி கொடுத்திருக்கிறாரா என்று பாருங்கள். ‘முதல் பாலத்திலிருந்து பெஞ்சுக்கு 30 தப்படி’ என்று ஒரு வரி இருந்தால், அந்த இடத்தை நீங்கள் நடந்து எண்ணுங்கள். உங்களுக்கு 60 எட்டு வந்தால் அவர் இரட்டைக் கணக்குக்காரர். 36 வந்தால் அவர் உங்களைவிட நீளமாகக் கால் வைக்கிறவர். அந்த விகிதத்தை மனதில் வைத்துக்கொண்டு மீதிக் குறிப்பை நடந்தால் போதும். இது தெரிந்த பிறகுதான் எனக்கு இந்த விளையாட்டு பிடிபட்டது. அப்படி ஒரு வரி இல்லாவிட்டால் 40 எட்டிலும் ஒருமுறை நின்று பாருங்கள், 80 எட்டிலும் ஒருமுறை நின்று பாருங்கள். மகள் எண்ணட்டும், எண்ணுவதில்தான் அவளுக்குச் சந்தோஷம். கால் மட்டும் உங்களுடையதாக இருக்கட்டும்.

அதோடு, எது ‘இரண்டாவது’ பாலம்? நடைபாதைக்கு இரண்டு வாசல்கள் இருந்தால் இரண்டாவது பாலமும் மாறிவிடும். வட்டப்பாதை என்றால் வலம் போவதா இடம் போவதா என்பதிலும் மாறும். கிளம்புமுன் குறிப்பை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வீட்டிலேயே படித்து, காப்பகத்தின் வரைபடத்தில் விரல் வைத்துத் தொடர்ந்து பாருங்கள். எப்போது எழுதிய குறிப்பு என்பதையும் கவனியுங்கள். நான் ஆரம்பித்த புதிதில் ‘தகவல் பலகைக்கு நேர் எதிரே’ என்ற குறிப்பை வைத்துக்கொண்டு அரை நாள் அலைந்தேன். திரும்பி வரும் வழியில், 50 அடிக்கு முன்னால், பாதையோரம் சிமெண்ட் விளிம்போடு சதுரமாக ஒரு சின்னக் குழி தெரிந்தது. உள்ளே சருகு நிறைந்திருந்தது. பலகையைப் பிடுங்கி வேறு இடத்தில் நட்டிருக்கிறார்கள். அந்தக் குழிக்கு நேர் எதிரே பெட்டி பத்திரமாக இருந்தது. பலகை, பெஞ்ச், மரம் எல்லாமே இடம் மாறும், விழும். பாறையும் கல்சுவரும்தான் நிலைத்து நிற்பவை.

இப்போது 120 டிகிரி. கிழக்கு 90, தெற்கு 180, தென்கிழக்கு 135. ஆகவே தென்கிழக்கிலிருந்து கொஞ்சம் கிழக்கே சாய்ந்த திசை. இதில் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். 15 எட்டு, அதாவது முப்பத்தேழு அடி தூரத்தில், காம்பஸ் 10 டிகிரி பிசகினாலும் ஆறேழு அடிதான் விலகுவீர்கள். அதே பிசகு 300 அடியில் 50 அடிக்கு மேல் இழுத்துவிடும். தூரம் குறைவாக இருந்தால் திசையைவிட நிற்கும் இடம்தான் முக்கியம்.

ஆனால் செல்போன் காம்பஸ் என்றால் ஒன்றைச் சொல்ல வேண்டும். காந்த மூடி வைத்த போன் உறை முள்ளை நன்றாகவே ஏமாற்றும். உறையைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். இரும்புக் கைப்பிடி போட்ட பாலத்தின் மேல் நின்றும் பார்க்காதீர்கள். குறிப்பு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் காம்பஸ் முள் காட்டிய எண்ணை அப்படியே எழுதிவிடுவார்கள், அதாவது காந்த வடக்கிலிருந்து. போனில் உண்மை வடக்கு (வட துருவம் இருக்கும் திசை) என்று அமைத்திருந்தால் இரண்டுக்கும் ஒத்துப்போகாது. சில ஊர்களில் இந்த வித்தியாசம் ஒன்றிரண்டு டிகிரிதான், சில ஊர்களில் 15 டிகிரியையும் தாண்டும்.

பாதையை விட்டு உள்ளே போவதைப் பற்றிக் கேட்டீர்கள். காப்பகத்தின் விதி பாதையிலேயே நட என்றால் பாதையிலேயே நடங்கள், அதற்கு மேல் பேச்சில்லை. உரிமையாளரிடமோ நிர்வாகத்திடமோ அனுமதி வாங்கித்தான் பெட்டி வைக்க வேண்டும். அப்படி வைத்தவர் பாதையிலிருந்து கை எட்டும் தூரத்திலோ, மிதித்தால் கெடாத தரையிலோதான் வைப்பார். குறிப்பு உங்களைச் சதுப்புக்குள்ளோ, பறவைகள் கூடு கட்டும் பருவத்தில் அடைத்து வைத்த பகுதிக்குள்ளோ இழுத்தால், ஒன்று நீங்கள் தப்பாகப் படித்திருக்கிறீர்கள், அல்லது பெட்டி இருக்கக்கூடாத இடத்தில் இருக்கிறது. இரண்டிலும் திரும்பி வருவதுதான் சரி. மண்ணைத் தோண்டவே கூடாது. புதைத்து ஒளிப்பது இந்த விளையாட்டில் ஏற்கப்படாத பழக்கம்.

ஒரு மணி நேரம் தேடினீர்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. களைப்புக்காகச் சொல்லவில்லை, அந்தப் பாறைகளுக்காகச் சொல்கிறேன். ஒரு கல்லைப் புரட்டினால் அதன் அடியில் ஈரத்தை நம்பி வாழும் பூரானும் மண்புழுவும் வெயிலுக்கு வந்துவிடும். உரிந்த பாசி மறுபடி பிடிக்க வருடக்கணக்காகும். 10 நிமிடத்துக்கு மேல் ஓரிடத்தைத் துழாவாதீர்கள். கிடைக்கவில்லையா, கடைசியாக எந்த இடம் நிச்சயமாகத் தெரியுமோ அங்கே திரும்பிப் போய் மறுபடி தொடங்குங்கள்.

கையைவிடக் கண்ணுக்கு வேலை அதிகம். கற்கள் இயல்பாக உருண்டு கிடப்பதற்கும் ஒருவர் அடுக்கியதற்கும் வித்தியாசம் தெரியும். பாசி மேல்பக்கம் இருக்க வேண்டிய கல்லில் அது பக்கவாட்டில் இருக்கும். மூன்று குச்சிகள் ஒரே நீளத்தில் ஒரு பொந்தின் வாயை மூடிக்கொண்டிருக்கும். அந்த மாதிரி இடத்தில் முதலில் கம்பை விட்டுத் தட்டிப் பாருங்கள், பாம்போ தேளோ உள்ளே இருக்கலாம். மகளிடமும் இதைக் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள்.

பெட்டி கிடைத்ததும் கொஞ்சம் தள்ளிப்போய் உட்காருங்கள், வழியில் போகிறவர்களுக்கு இடம் தெரிய வேண்டாம். உள்ளே ஒரு நோட்டும் கையால் செதுக்கிய ரப்பர் ஸ்டாம்ப்பும் இருக்கும். அந்த ஸ்டாம்ப்பை உங்கள் நோட்டில் பதியுங்கள், உங்களுடையதை அந்த நோட்டில் பதித்துத் தேதி எழுதுங்கள். ஸ்டாம்ப்பைத் துடைத்துவிட்டு வையுங்கள். மூடும்போது பிளாஸ்டிக் உறையின் ஓரம் டப்பா மூடியில் மாட்டிக்கொள்ளாமல் விரலால் சுற்றிலும் தடவிப் பாருங்கள். அந்த ஒரு மடிப்பு வழியாகத்தான் மழைநீர் இறங்கும். நோட்டு முழுக்க ஊறி, 20 பேருடைய பதிவுகள் நீலக் கறையாகிப்போன பெட்டியை நானே திறந்திருக்கிறேன்.

இந்தப் பதிவுதான் விளையாட்டின் உயிரே. 1854-இல் இங்கிலாந்தின் டார்ட்மூரில் ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி, கிரான்மியர் பூல் என்ற எட்டாத மூலையில் ஒரு பாட்டிலை வைத்தார். பூல் என்று பெயர், உண்மையில் அது ஒரு சதுப்புப் பள்ளம். அவ்வளவு தூரம் நடந்து வந்தவர்கள் தங்கள் விசிட்டிங் கார்டை அதில் போட்டார்கள். பின்னால் வந்தவர்கள் விலாசம் எழுதிய தபாலை விட்டுவிட்டுப் போனார்கள், அடுத்து வருகிறவர் எடுத்துக்கொண்டு போய் அஞ்சலில் சேர்ப்பார். லெட்டர்பாக்ஸ் என்ற பெயர் அப்படி வந்ததுதான். 1998-இல் ஒரு அமெரிக்க மாதப் பத்திரிகையில் கட்டுரை வந்த பிறகு அங்கேயும் பரவியது.

அதனால் உங்கள் மகளுக்கு அவசியம் ஒரு ஸ்டாம்ப் வேண்டும், அதுவும் அவளே வரைந்ததாக இருக்கட்டும். பெரிய வெள்ளை அழிரப்பர் போதும். காகிதத்தில் மென்மையான பென்சிலால் அழுத்தி வரையச் சொல்லுங்கள். அதை ரப்பர் மேல் கவிழ்த்து, பின்பக்கம் நகத்தால் தேயுங்கள். படம் இடவலம் மாறி ஒட்டிக்கொள்ளும், பெயரின் எழுத்துகளும் தானாகவே கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பிவிடும், பதிக்கும்போது நேராக வரும். வரைந்த கோடுகளை அப்படியே விட்டுவிட்டு மற்ற இடத்தைச் செதுக்க வேண்டும். கத்தி வேலையை மட்டும் நீங்கள் செய்யுங்கள்.