அலிஸ்டர் கிளம்பிப் போனது – வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணா,

நீங்கள் எழுதியதைப் படித்துத்தான் ‘டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ்’ என்ற கணினி விளையாட்டை ஆட ஆரம்பித்தேன். பிரபுக்கள் கூடும் லேண்ட்ஸ்மீட் சபை வரை எல்லாம் நன்றாகப் போனது. அங்கே, அரசரைப் போரில் கைவிட்ட தளபதி லோகெய்னை ஜெயித்த பிறகு, அவனைக் கொல்லலாம், அல்லது அரக்கப் படையை எதிர்க்கும் கிரே வார்டன் வீரர்களில் ஒருவனாகச் சேர்த்துக்கொள்ளலாம் என்று ஒரு வழி வந்தது. நாட்டில் மிஞ்சியிருக்கும் வார்டன்களே மூன்று பேர். எதிரே அரக்கப் படையை நடத்தும் ஆர்ச்டீமன். ஒரு நல்ல தளபதியை வீணாக ஏன் கொல்ல வேண்டும் என்று யோசித்துச் சேர்த்துக்கொண்டேன். உடனே, ஆரம்பத்திலிருந்து என்னோடு வந்த வார்டன் அலிஸ்டர் கோபித்துக்கொண்டு போயே போய்விட்டான்.

அவனுக்கு அம்மாவின் தாயத்து, வார்டன்களின் தலைவராக இருந்த டன்கனின் கேடயம் எல்லாம் தேடிக் கொடுத்திருந்தேன். என்மேல் அவனுக்கு இருக்கும் பிரியத்தைக் காட்டும் அபிமானப் புள்ளி 100-ல் இருந்தது. அப்படியும் போனான். பழைய சேவ் ஃபைலை லோடு செய்து லோகெய்னைக் கொன்றுவிட்டுத்தான் மேலே ஆடினேன். இன்னும் எரிச்சல் அடங்கவில்லை. புத்திசாலித்தனமாக முடிவெடுத்தவனுக்குத் தண்டனை கொடுப்பது போல இருக்கிறது. ஒரு நாட்டின் அரசியலில் கூட வருகிறவனின் சொந்தக் கோபத்துக்கு இவ்வளவு இடம் கொடுக்கலாமா? ஸ்கைரிம் விளையாட்டில் இந்தத் தொல்லையே இல்லை. நான் எந்தப் பக்கம் சேர்ந்தாலும் என் துணையாள் லிடியா கூடவே வந்தாள். அதுதானே ஆடுகிறவனுக்கு உண்மையான சுதந்திரம்?

அன்புடன்,
வி.

அன்புள்ள வி.,

ஆரிஜின்ஸ் வந்தது 2009-ல். இருந்தாலும் இன்னும் ஆடாதவர்கள் இருப்பார்கள். அவர்கள் இந்தப் பதிலைப் பிறகு படிக்கலாம்; முக்கியமான திருப்பங்களை எல்லாம் பேசாமல் உங்களுக்குப் பதில் சொல்ல முடியாது.

லோகெய்னைச் சேர்த்துக்கொண்டது தவறு என்று நான் சொல்லமாட்டேன். உங்கள் கணக்கு சரியான கணக்கு. அந்த யோசனையைச் சொல்லும் ரியோர்டனே ஒரு மூத்த வார்டன்தான். எனக்கு வருத்தமாக இருந்தது நீங்கள் பழைய சேவ் ஃபைலுக்குத் திரும்பிப் போனது. அதுவரை அந்த ஆட்டத்தில் நீங்கள் எடுத்த முடிவுகளுக்கெல்லாம் யாரோ முகம் தெரியாதவர்கள் விலை கொடுத்தார்கள். லேண்ட்ஸ்மீட்டில்தான் முதல்முறையாக உங்கள் கூடாரத்திலிருந்தே ஒரு ஆள் எழுந்து போகிறான். நீங்கள் தண்டனை என்று சொல்வதை நான் விலை என்று சொல்வேன். நல்ல முடிவுக்கும் விலை உண்டு.

சொந்தக் கோபம் என்று எழுதியிருக்கிறீர்கள். அலிஸ்டரின் இடத்தில் நின்று ஒருமுறை பாருங்கள். அவன் மாரிக் அரசரின் மகன். ஆனால் அரசர் அவனை வெளிப்படையாக மகன் என்று ஏற்கவில்லை. வேறொருவர் வீட்டில் வளர்ந்து, பத்து வயதில் மதபீடத்துக்கு அனுப்பப்பட்டு, விருப்பமே இல்லாமல், மந்திரவாதிகளைக் கட்டுப்படுத்தும் டெம்ப்ளர் வீரனாகப் பயிற்சி எடுத்தவன். அங்கிருந்து அவனை மீட்டுக்கொண்டு வந்தவர் டன்கன். அவன் தன்னுடைய குடும்பம் என்று நினைத்தது வார்டன்களை மட்டும்தான். ஆஸ்டகார் போர்க்களத்தில் இஷால் கோபுரத்தின் உச்சியில் தீ மூட்டியது யார்? நீங்களும் அவனும். அந்தத் தீயைப் பார்த்ததும் லோகெய்ன் படையோடு பாய்ந்து வரவேண்டும் என்பதுதான் திட்டம். லோகெய்ன் தீயைப் பார்த்தான், படையைத் திருப்பிக்கொண்டு போனான். கீழே டன்கன், அரசர் கெய்லன், வார்டன்கள் எல்லாரும் செத்தார்கள். அலிஸ்டர் தன் கையால் கொடுத்த அடையாளம் அது. அதைப் பார்த்தும் வராத மனிதனுக்கு, அந்த வார்டன்களின் பெயரையே பட்டம் மாதிரி கொடுக்கிறீர்கள். இதற்கு மேல் அவன் எப்படி உங்கள் பக்கத்தில் நடந்து வருவான்?

சொந்தக் கோபம் என்பதோடும் இது முடியவில்லை. ஆட்சியைக் கையில் எடுத்த லோகெய்ன் வார்டன்கள்தான் துரோகிகள் என்று அறிவிக்கிறான். படைச்செலவுக்குப் பணம் வேண்டும் என்று, தலைநகரில் ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கும் எல்ஃப் மக்களை டெவிண்டர் நாட்டு அடிமை வியாபாரிகள் பிடித்துக்கொண்டு போக அனுமதிக்கிறான். நீங்கள் அவனை மன்னித்தபோது இந்தக் குற்றங்களையும் சேர்த்துத்தான் மன்னித்தீர்கள். பிரபுக்கள் நிறைந்த அந்த மண்டபத்தில் எழுந்து நின்று ‘இது நியாயமா?’ என்று கேட்க ஒருவன் வேண்டாமா? அது அலிஸ்டரின் குரலில் வந்தது. அவன் உடம்பில் ஓடுவது அரச ரத்தம் என்பதால், அந்தக் கோபமே நாட்டின் அரசியல்தான்.

இப்போது ஸ்கைரிமுக்கு வருகிறேன். 2011-ல் வந்ததிலிருந்து அந்த உலகத்தில் நான் செலவழித்த மணிக்கணக்கு கொஞ்சமல்ல. அதன் மலைகளையும் பனியையும் இன்றும் விரும்புகிறேன். ஆனால் லிடியா யார் என்று யோசியுங்கள். வைட்ரன் நகரத்தை ஆளும் பிரபு, அதாவது ‘யார்ல்’, பால்க்ரூஃப், உங்களுக்கு ‘தேன்’ (Thane) என்ற கௌரவப் பட்டம் கொடுத்தபோது கூடவே கொடுத்த காவல் வீராங்கனை அவள். பேரரசை எதிர்க்கும் ஸ்டார்ம்கிளோக் கிளர்ச்சிக்காரர்கள் பக்கம் சேர்ந்தால் நீங்கள் போய்த் தாக்க வேண்டிய முதல் பெரிய நகரமே வைட்ரன். பால்க்ரூஃபின் மாளிகைக்குள்ளேயே புகுந்து அவரோடு சண்டை போட வேண்டும். லிடியா உங்கள் பின்னாலேயே வாளை உருவிக்கொண்டு வருவாள். தன் ஊர் எரிவதைப் பற்றி, தன்னை அனுப்பிய யார்ல் எதிரே நிற்பதைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டாள். எனக்கு அந்த இடத்தில் அந்த உள்நாட்டுப் போர் முழுதும் அட்டையில் வெட்டி வைத்தது போல ஆகிவிட்டது. பேரரசின் தளபதி டலியஸ் ஜெயித்தால் என்ன, கிளர்ச்சித் தலைவன் உல்ஃப்ரிக் ஜெயித்தால் என்ன? என் பக்கத்தில் இருப்பவளுக்கே அது ஒரு பொருட்டாக இல்லையே. நீங்கள் சுதந்திரம் என்று நினைத்தது இதைத்தான். நீங்கள் எதைச் செய்தாலும் யாருக்கும் எதுவும் ஆகாத இடத்தில் முடிவு எடுப்பதற்கு அர்த்தம் இல்லை என்று நான் நினைக்கிறேன்.

ஆரிஜின்ஸுக்குள்ளேயே இதற்கு ஒரு உதாரணம் இருக்கிறது. குள்ளர்களின் நிலத்தடி நகரமான ஒர்ஸமாரில் அரியணைக்கு ஒரு சண்டை நடக்குமே, பெலனா ஹாரோமான்டா என்று. அரசியலாகப் பார்த்தால் லேண்ட்ஸ்மீட்டைவிட அது கூர்மையானது. ஹாரோமான்ட் கண்ணியமானவர், ஆனால் பழைமைக்காரர். அவர் வந்தால் நகரம் கதவைச் சாத்திக்கொள்ளும், சாதி இல்லாதவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களின் நிலை இன்னும் மோசமாகும். பெலன் கொலைக்கு அஞ்சாதவன், ஆனால் அவன் ஆட்சியில் மேலுலகத்தோடு வாணிபம் பெருகும், சாதியற்றவர்களுக்கு வழி திறக்கும். நல்ல மனிதரா, நல்ல விளைவா என்ற கேள்வியை இவ்வளவு சுருக்கமாக வைத்த ஆட்டங்கள் குறைவு. ஆனாலும் உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை, கவனித்தீர்களா? காரணம், உங்கள் கூடாரத்தில் யாருக்கும் அதில் இழப்பு இல்லை. ஒர்ஸமாரில் சேரும் ஓக்ரனுக்குக்கூடக் கவலையெல்லாம் காணாமல் போன மனைவி பிராங்காவைப் பற்றித்தான். அரியணை முடிவின் விளைவு ஆட்டத்தின் கடைசியில் சில வரி எழுத்தாக வந்து சேர்கிறது. படித்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம்.

சரி, உங்கள் எரிச்சலில் ஒரு பாதி நியாயம் என்று எனக்குப் படுகிறது. அது அந்தப் புள்ளிகளைப் பற்றியது. பரிசு கொடுத்தால் பிரியம் ஏறும் என்று நாற்பது, ஐம்பது மணி நேரம் ஆட்டமே உங்களுக்குக் கற்றுக்கொடுத்தது. பிறகு அதே ஆட்டம், அந்த 100-க்கு இங்கே மதிப்பில்லை என்கிறது. இரண்டாவதாகச் சொன்னதுதான் உண்மை. முதலில் கற்றுக்கொடுத்ததுதான் தப்பு. இது பழைய நோய். 2000-ல் வந்த ‘பால்டர்ஸ் கேட் 2’-இல் உங்கள் நற்பெயர் எண் அதிகமாகிவிட்டால் தீய குணம் உள்ள துணைவர்கள் முணுமுணுத்துவிட்டுக் கிளம்புவார்கள். நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதைவிட எண் எங்கே நிற்கிறது என்பதுதான் அங்கே கணக்கு. இரண்டாவது டிராகன் ஏஜில், 2011-ல், அதை உருவாக்கிய பயோவேர் நிறுவனம் இதை மாற்றிப் பார்த்தது: ஒரு பக்கம் நட்பு, மறு பக்கம் போட்டி. ஒருவரோடு கடைசிவரை முரண்பட்டே அவருடைய மரியாதையைப் பெறலாம். நண்பர் என்றால் ஆமாம் போடுகிறவர் என்ற எண்ணத்தை அது உடைத்தது. அந்த ஆட்டத்துக்குக் கிடைத்த திட்டுகளுக்கு நடுவே இதை யாரும் சரியாகப் பாராட்டவில்லை.

துணைவரும் அரசியலும் மிக நன்றாகப் பின்னிக்கொண்ட இடம் எது என்று என்னைக் கேட்டால், 2014-ல் வந்த மூன்றாவது டிராகன் ஏஜான ‘இன்குவிசிஷன்’ ஆட்டத்தில் துணையாக வரும் அயர்ன் புல்லைச் சொல்வேன். புல் ஒரு குனாரி; தனிமனிதனைவிடத் தங்கள் தரப்பே பெரிது என்று வாழும் கூட்டம் அது. அதுவும் ஒற்றன், அதை முதல் சந்திப்பிலேயே உங்களிடம் சொல்லிவிடுகிறான். கூடவே சார்ஜர்ஸ் என்று ஒரு கூலிப்படை நடத்துகிறான். அதில் அவனுக்கு வலதுகையாக இருப்பவன் க்ரெம். குனாரிகள் உங்களோடு கூட்டணிக்கு வருகிறார்கள். கடற்கரையில் ஒரு தாக்குதல். சார்ஜர்ஸ் ஒரு குன்றைப் பிடித்து நிற்கிறார்கள், எதிரிகள் பெரும் எண்ணிக்கையில் ஏறி வருகிறார்கள். அவர்களைப் பின்வாங்கச் சொன்னால் கடலில் நிற்கும் குனாரிப் போர்க்கப்பல் அழியும், கூட்டணியும் போய்விடும். நிற்கச் சொன்னால் சார்ஜர்ஸ் அத்தனை பேரும் சாவார்கள். புல் தானாக முடிவெடுக்கமாட்டான். உங்கள் முகத்தைப் பார்ப்பான்.

முதல்முறை ஆடும்போது நான் கூட்டணியைத் தேர்ந்தெடுத்தேன். நீங்கள் லேண்ட்ஸ்மீட்டில் போட்ட அதே கணக்குதான்: ஒரு சிறு படை எங்கே, ஒரு பேரரசு எங்கே? க்ரெம்மும் மற்றவர்களும் அந்தக் குன்றில் விழுந்தார்கள். புல் ஒன்றும் சொல்லவில்லை. போகவும் இல்லை. கோட்டை மதுக்கடையில் அதே இடத்தில் இருந்தான், சண்டைக்கு வந்தான், சிரித்தான். எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று நம்பினேன். 2015-ல் அந்த ஆட்டத்தின் கூடுதல் பகுதியான ‘ட்ரெஸ்பாஸர்’ வந்தது. அதில் குனாரிகள் எதிரிகளாகிறார்கள். அவர்கள் தரப்பிலிருந்து ஒரே ஒரு கட்டளை. புல் திரும்பி என்னைத் தாக்கினான். அவனுடைய பிரியம் எவ்வளவு உயரத்தில் இருந்தாலும் இதுதான் நடக்கும். அவனைக் காதலித்தவர்களுக்கும் இதுதான். குன்றில் சார்ஜர்ஸைக் காப்பாற்றியிருந்தால் அவன் குனாரிகளிடமிருந்து விலக்கப்பட்டிருப்பான், எனக்காக நின்றிருப்பான்.

நான் வெகுநேரம் அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவன் எனக்குத் துரோகம் செய்யவில்லை. தரப்பா மனிதர்களா என்று அவன் கேட்டபோது தரப்புதான் என்று சொல்லிக்கொடுத்தவன் நான். அதைத்தான் அவன் செய்தான். அலிஸ்டர் உங்களிடம் அன்றைக்கே சொல்லிவிட்டுப் போனான். அந்த வகையில் உங்களுக்குக் கிடைத்தவன் நேர்மையானவன்.

எல்லா ஆட்டங்களும் இதைச் சரியாகச் செய்வதில்லை. 2018-ல் வந்த ‘பில்லர்ஸ் ஆஃப் எடர்னிட்டி 2: டெட்ஃபயர்’ நான்கு தரப்புகளை வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆளை உங்கள் கப்பலில் ஏற்றிவிட்டது. நல்ல எண்ணம்தான். ஆனால் அவர்கள் சில நேரம் மனிதர்களாக இல்லாமல், தங்கள் தரப்பு அனுப்பிய தூதர்கள் போலவே பேசுகிறார்கள். ‘பால்டர்ஸ் கேட் 3’-இல் துணையாக வரும் லேசெல்லை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அவளும் வரும்போது தன் இனமான கித்யாங்கிகளின் ராணி விலாகித்தின் பெயரைச் சொல்லியே மூச்சு விடுகிறாள். தன் இனத்தாரிடம் போனால் மூளையில் புகுந்திருக்கும் ஒட்டுண்ணிக்கு மருந்து கிடைக்கும் என்று உங்களை இழுத்துக்கொண்டு போகிறாள். அங்கே இருக்கும் கருவி அவளைக் கொல்லப் பார்க்கிறது. அதற்குப் பிறகு அவள் பேச்சில் விழும் இடைவெளிகளைக் கேளுங்கள். ஒரு தரப்பின் பொய், ஒரு பெண்ணின் தொண்டையில் சிக்கி நிற்பதைக் கேட்கலாம்.

அலிஸ்டர் விஷயத்தில் எழுதியவர்கள்மீது எனக்கும் ஒரு குறை உண்டு. லோகெய்னை ஏன் விடுகிறேன் என்று அவனிடம் உட்கார்ந்து பேச இடமே கொடுக்கவில்லை. நாலு வரியில் எல்லாம் முடிந்துவிடுகிறது. அவன் போவது மாற வேண்டாம். ஆனால் என் காரணத்தைக் கேட்டுவிட்டுப் போயிருக்கலாம்.

லோகெய்னைச் சேர்த்துக்கொண்ட அந்த சேவ் ஃபைல் இன்னும் இருக்கிறதா? இருந்தால் அதை எடுங்கள். கூடாரத்தில் லோகெய்னோடு பேசுங்கள். ஆர்லே நாட்டின் ஆக்கிரமிப்பில் அவனுடைய நாடான ஃபெரெல்டன் பட்டதைக் கேளுங்கள். ஏன் அவனுக்கு எல்லா இடத்திலும் ஆர்லேயின் நிழல் தெரிகிறது என்பது புரியும். நீங்கள் மன்னித்த ஆளை இன்னும் நீங்கள் சந்திக்கவே இல்லை. கடைசியில் கோட்டை உச்சியில் ஆர்ச்டீமனை வீழ்த்தும் அடியை அவன் கேட்டால் கொடுத்துப் பாருங்கள்.

அப்புறம் அதே சேவ் ஃபைலைக் கொண்டுபோய் இரண்டாவது டிராகன் ஏஜை ஆடுங்கள். அலிஸ்டர் அரசனும் ஆகாமல், தலையும் தப்பி நாட்டைவிட்டுப் போயிருந்தால், கிர்க்வால் நகரத்தில் ‘ஹேங்டு மேன்’ என்ற மதுக்கடையில் அவன் இருப்பான். நன்றாகக் குடித்திருப்பான். அந்த ஆட்டத்தில் நீங்கள் ஹாக் என்ற வேறொரு ஆள். அவனுக்கு உங்களைத் தெரியாது. போய்ப் பேசுங்கள்.

அன்புடன்,
அண்ணா