வகுப்பில் ஐந்து நிமிட விளக்க உரை: எப்படித் தயாரிப்பது?

பாம்பன் ரயில் பாலம் பற்றி வகுப்பில் ஐந்து நிமிடம் பேச வேண்டும், எழுத உட்கார்ந்தால் கட்டுரையாகவே வருகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். தலைப்பு பெரிதாக இருப்பதுதான் சிக்கல். 1914-இல் திறப்பு, 1964-இல் புயல், 2025-இல் புதிய பாலம் என்று அடுக்கினால் உங்களுக்கு மூச்சு வாங்கும், கேட்பவர் மனத்தில் ஒன்றும் ஒட்டாது. ஒரே கேள்வியைப் பிடியுங்கள்: கப்பல் வந்தால் பாலம் எப்படி வழிவிடுகிறது?

பழைய பாலத்தின் நடுப்பகுதி இரண்டாகப் பிளந்து மேலே எழுந்து வழிவிட்டது. தொழிலாளர்கள் நெம்புகோல்களைத் தள்ளித்தான் அதைத் திறந்தார்கள். புதியதில் 72.5 மீட்டர் நீளப் பகுதி, லிஃப்ட் போல, செங்குத்தாக 17 மீட்டர் உயர்கிறது. இதைச் சொல்லும்போது இரு உள்ளங்கைகளையும் கிடையாக, விரல்நுனிகள் தொட வைத்து, மேல்நோக்கி விரியுங்கள். பிறகு ஒரு கையை மட்டும் படுக்கையாகவே உயர்த்துங்கள். படமே வேண்டாம்.

"72.5 மீட்டர்" காதில் நிற்காது, "ஏறக்குறைய மூன்று ரயில் பெட்டி நீளம்" நிற்கும். கேட்பவரால் பக்கத்தைத் திருப்பிப் பார்க்க முடியாது அல்லவா? அதனால் "மேற்கூறியவாறு", "இவ்வாறாக" போன்றவற்றை இரக்கமின்றி வெட்டுங்கள். (எங்கள் ஆசிரியர் ஒருவருக்கு இவை மிகவும் பிடிக்கும், அது வேறு கதை.)

கடிகாரத்தை வைத்துக்கொண்டு சத்தமாகப் படித்துப் பாருங்கள். என் அனுபவத்தில் ஐந்து நிமிடத்துக்கு நானூறு சொற்களே அதிகம். முதல் வாக்கியத்தையும் கடைசி வாக்கியத்தையும் மட்டும் மனப்பாடம் செய்யுங்கள். நடுவில் உள்ளதற்கு ஒரு துண்டுச்சீட்டு போதும்.