.44 மேக்னம் ரிவால்வரில் வார்ப்பு ஈயக் குண்டு சுட்டால் குழலில் ஈயம் படிகிறது. இன்னும் கடினமான ஈயத்துக்கு மாறினால் சரியாகுமா?

ஆகாது. முதலில் அளந்து பாருங்கள். இதே கேள்வியோடு ஒரு குளிர்காலம் முழுவதையும் தொலைத்தவன் நான். அதனால்தான் இதைக் கடந்து போக முடியவில்லை.

நீங்கள் அமெரிக்காவில் இருக்கிறீர்கள், 'ஹார்ட் காஸ்ட்' (கடின வார்ப்பு) என்று லேபிள் ஒட்டிய குண்டுகளைக் கடையில் வாங்கி வீட்டில் தோட்டா கட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். ரேஞ்சில் பக்கத்து மேஜைக்காரர் "உன் ஈயம் மெத்து, அதான் ஒட்டுது" என்று சொல்லியிருப்பார். எனக்கும் அதைத்தான் சொன்னார்கள்.

நான் இருப்பது ஐடஹோ. என்னிடம் உள்ளது .45 கோல்ட் ரிவால்வர். 1873-ல் வந்த தோட்டா அது. ஆனால் என் ரிவால்வர் இந்தக் காலத்துக் கனமான சட்டகம். 25 கஜத்தில் முதல் இரண்டு சிலிண்டர் குண்டுகள், அதாவது பன்னிரண்டும், உள்ளங்கை அகலத்துக்குள் விழும். முப்பது குண்டு தாண்டினால் சாப்பாட்டுத் தட்டு அகலம். அதற்கு மேல் போனால் காகிதத்தில் குண்டு பக்கவாட்டில் புகுந்த ஓட்டை. வீட்டுக்கு வந்து விளக்கு வைத்துப் பார்த்தால், சிலிண்டரிலிருந்து குண்டு குழலுக்குள் நுழையும் வாயில், குண்டைச் சுழல வைக்கும் வரிப்பள்ளங்களில் சாம்பல் நிறப் பொருக்கு. பாத்திரம் தேய்க்கும் செம்பு நாரைப் பழைய பிரஷ்ஷில் சுற்றித் தேய்த்தேன் (காந்தம் ஒட்டாத சுத்தச் செம்பாக இருக்க வேண்டும், செம்பு முலாம் பூசிய இரும்பு நார் குழலைக் கீறிவிடும்). வெள்ளைத் துணியில் ஜிகினா மாதிரி ஈயச் செதில்கள் கொட்டின. ஒவ்வொரு ஞாயிறும் இதே வேலை.

கடினமாக்கினேன். சுத்தக் காரீயம் பிரினெல் என்ற கடின அளவில் 5 தான். பழைய அச்சகங்களின் லைனோடைப் உலோகம் 22. அதில் 12 சதவீதம் ஆன்டிமனி, 4 சதவீதம் வெள்ளீயம். டாலரை அள்ளிக் கொடுத்து அதை வாங்கினேன். வார்ப்பு அச்சிலிருந்து குண்டுகளை நேராகத் தண்ணீர் வாளியில் போட்டு இறுக வைத்தேன். குண்டுகள் கண்ணாடி மாதிரி இருந்தன, மேஜையில் போட்டால் கணீரென்றன. சுட்டேன். ஈயம் முன்னைவிட அதிகமாக ஒட்டியது.

ஓய்வுபெற்ற லேத் வேலைக்காரர் ஒருவர் ரேஞ்சுக்கு வருவார். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "சிலிண்டர் வாயை அளந்தாயா?" சிலிண்டரின் ஒவ்வொரு அறையிலும் குண்டு வெளியேறும் முன்துளைதான் வாய். மறுவாரம் பின் கேஜ் (துளையின் விட்டத்தை அளக்கும் எஃகு ஊசிகள்) பெட்டியோடு வந்தார். என் குண்டு 0.452 அங்குலம். சிலிண்டரின் ஆறு வாய்களில் நான்கு 0.450, மற்ற இரண்டு அதற்கும் கொஞ்சம் குறைவு. தூண்டில் ஈயத்தைக் குழலுக்குள் தட்டி இறக்கி மைக்ரோமீட்டரில் பிடித்தோம்: பள்ளத்துக்குப் பள்ளம் குழலின் விட்டம் 0.4515. புரிகிறதா? குண்டு குழலைத் தொடுவதற்கு முன்பே சிலிண்டர் அதைப் பிழிந்து இளைக்க வைத்துவிடுகிறது. இளைத்த குண்டு தன்னைவிட அகலமான குழலில் போகிறது, பக்கவாட்டில் சூடான வாயு பீறிடுகிறது, ஈயத்தை அரித்துக் குழலில் அப்பிவிடுகிறது. மெத்தென்ற ஈயமாக இருந்தால் அழுத்தத்தில் அடிப்பாகம் விரிந்து இடைவெளியை ஓரளவு அடைக்கும். நான் அதைக் கல்லாக்கி அந்த வழியையும் அடைத்துவிட்டேன். கன்ஸ்மித் (துப்பாக்கி பழுதுபார்ப்பவர்) ஒருவர் ஆறு வாய்களையும் 0.4525-க்கு ரீமர் போட்டு, அதாவது துளையைக் குடைந்து அகலமாக்கிக் கொடுத்தார். பழைய மெத்து ஈயத்துக்கே திரும்பினேன். நூறு குண்டு சுட்டபின் ஒரே ஒரு துணி, சாம்பல்கூட அதிகமில்லை.

"மேக்னம் அழுத்தத்துக்கு மெத்து ஈயம் தாங்காது" என்று கீழே எழுத வருவார்கள். .45 கோல்ட்டின் அழுத்த உச்சவரம்பு 14,000 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு), .44 மேக்னத்துக்கு 36,000. வித்தியாசம் எனக்கும் தெரியும். ஆனால் .44 மேக்னம் பிறக்கக் காரணமாக இருந்த எல்மர் கீத், இதே ஐடஹோவில் சாமன் ஊரில் வாழ்ந்தவர், பதினாறு பங்கு காரீயத்துக்கு ஒரு பங்கு வெள்ளீயம் கலந்துதான் வார்த்தார். லைனோடைப்பில் ஏறக்குறைய பாதிக் கடினம்தான் இருக்கும். சுத்தக் காரீயத்தை ஊற்றுங்கள் என்று நான் சொல்லவில்லை. அளவு முதலில், கடினம் பிறகு.

துப்பாக்கியைப் பற்றித் தமிழில் எழுதுகிறாயே என்று திட்டுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. எங்கள் தாத்தாவிடம் பயிர்ப் பாதுகாப்புக்கு லைசென்ஸ் பெற்ற ஒற்றைக்குழல் துப்பாக்கி இருந்தது. நிலக்கடலையில் காட்டுப்பன்றி இறங்கும். வானத்தைப் பார்த்து ஒரு வெடி, அவ்வளவுதான். தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். சட்டம், சரி. ஆனால் ஒரு தேர்தலில் எண்ணெய் தேய்த்துக் கொடுத்த துப்பாக்கி, இரண்டு மாதம் கழித்துக் குழல் முழுக்கச் செந்துருவோடு திரும்பி வந்தது. மழை ஒழுகும் மூலையில் சாத்தி வைத்திருக்கிறார்கள். எழுபது வயது மனிதர் திண்ணையில் உட்கார்ந்து மண்ணெண்ணெய்த் துணியால் தேய்த்துக்கொண்டே இருந்தார். போகவே இல்லை. யாரும் ஒரு மன்னிப்புகூடக் கேட்கவில்லை. எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். சிலிண்டரைக் காலி செய்து கழற்றுங்கள். தோட்டா வேண்டாம், வெறும் குண்டை மட்டும் எடுத்து முன்பக்கத்திலிருந்து ஒவ்வொரு வாயிலும் வையுங்கள். பென்சிலால் லேசாக அழுத்தினால் போக வேண்டும். தானாக விழுந்தால் குண்டு சின்னது; .44-களில் இதைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன், 0.430 குண்டு 0.432 வாயில் லொடலொடவென்று போகும். அழுத்தியும் போகவில்லை என்றால் என் கதைதான் உங்களுக்கும். பவுடர் அளவு எதையும் இங்கே கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். அச்சிட்ட மேனுவலைப் பாருங்கள். நீங்களே வார்க்க ஆரம்பித்தால் அதைக் கராஜுக்கு வெளியே வையுங்கள், கையைக் கழுவாமல் குழந்தையைத் தூக்காதீர்கள், வருடம் ஒருமுறை ரத்தத்தில் ஈயம் பாருங்கள்.

ஆறு வாய்களின் அளவு, குழலின் அளவு, குண்டின் அளவு மூன்றையும் கீழே கருத்துப் பகுதியில் எழுதுங்கள். பெரிய குண்டு தேவையா, ரீமர் தேவையா என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.