வள்ளத்து இருக்கைக்கு மெத்தை தைக்கிறவர்களுக்கு: கேள்வி பதில்

குருநகரிலிருந்து ஒரு தம்பி: வீட்டில் பழைய செற்றி ஸ்பொஞ்சு கிடக்கிறது. ஃபைபர் வள்ளத்து இருக்கைக்குப் போடலாமா?

வேண்டாம் தம்பி. அது தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். கடையில் ஸ்பொஞ்சில் சின்னத் துண்டொன்று கேட்டு வாங்குங்கள். வாளித் தண்ணீருக்குள் அமுக்கிப் பிழிந்து விட்டுப் பாருங்கள். குமிழி வந்து, தூக்கும்போது பாரமாக இருந்தால் அது வீட்டுக்குத்தான். துடைத்தவுடன் காய்ந்தால் வள்ளத்துக்கு எடுக்கலாம். அந்த வகை கொஞ்சம் கட்டி. குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்கு ஒரு மணி நேரம் அலையில் அடிபட்டுப் போகிறவருக்கு நாரி நோகும். அதனால் அடியில் 2 அங்குலம் கட்டியானது, மேலே அரை அங்குலம் மெதுவானது. மேலே உள்ளது நனைந்தாலும் மெல்லிசு, கெதியாய்க் காயும்.

வேலணை அக்கா: வீட்டுத் தையல் மெசின் ரெக்சினைத் தைக்குமா?

இரண்டு மடிப்பு வரை தைக்கும் அக்கா. 16 அல்லது 18 ஆம் நம்பர் ஊசி, பொலியெஸ்டர் நூல். பருத்தி நூல் உக்கிவிடும். தையல் நீளம் 4 மில்லிமீற்றர். நெருக்கமாகத் தைத்தால் முத்திரைத் தாள் போல ஓட்டை வரிசையில் கிழியும். குண்டூசி குத்தாதீர்கள், அந்த ஓட்டை மூடாது. உடுப்புக் கவ்வி போதும். பிழையாகத் தைத்துப் பிரித்தாலும் அதே கதைதான், ஆகையால் பழைய சீலையில் ஒருமுறை வெட்டித் தைத்துப் பார்த்துவிட்டு ரெக்சினில் கத்தரி வையுங்கள்.

காரைநகர் அண்ணை: தையலை சிலிக்கோன் பூசி அடைத்தால் தண்ணீர் போகாதுதானே?

போகும் அண்ணை. போனது வெளியே வராது, அதுதான் வில்லங்கம். என் முதல் இருக்கையில் ஸ்பொஞ்சைச் சுற்றிவரப் பொலித்தீன் போட்டு, அடியையும் இறுக்கி மூடினேன். மாரி முடிந்து கழற்றினால் பூஞ்சண மணம்; பலகையை விரலால் அமத்தினேன், ஊறின பாண் போல உள்ளே போனது. இப்போது மேற்புறத்தையும் பக்கங்களையும் மட்டும்தான் மூடுகிறேன். பலகையில் 4 அங்குலத்துக்கு ஒன்றாக அரை அங்குல ஓட்டை போட்டு, அடியில் வலைத்துணி அடிக்கிறேன். தண்ணீர் வரும் என்று ஒப்புக்கொண்டு, அது போக வழி விடுவதுதான் வேலையே.

அதே அண்ணை: பலகை?

12 மில்லிமீற்றர் மரீன் பிளைவூட், தண்ணீர் தாங்கும் பசையால் ஒட்டின பலகை. ரெக்சின் மடிபட இடம் வேண்டும், சுற்றிவர 3 மில்லிமீற்றர் குறைத்து வெட்டுங்கள். ஓட்டைகளை முதலில் போட்டுவிட்டு எபொக்சி என்ற இறுகும் பிசினைப் பூசுங்கள். பலகை ஓரத்தாலும் ஓட்டைக்குள்ளாலும்தான் உக்கத் தொடங்கும், அங்கே இரண்டு தரம் பூசவேண்டும்.

ஊர்காவற்றுறைத் தம்பி: ரெக்சினைப் பலகையில் அடிக்க ஸ்டேப்பிள் எது?

316 தர எவர்சில்வர். சாதாரணமானது உப்புக்காற்றில் கறள் பிடித்து ரெக்சினையும் கறையாக்கும். அடிக்குமுன் ரெக்சினைக் கொஞ்ச நேரம் வெயிலில் விரியுங்கள், இளகி இழுபடும். நாலு பக்கமும் நடுவில் ஒவ்வொன்று அடித்து மூலைப்பக்கம் போங்கள், மூலை கடைசி. மூலையில் தொடங்கினால் நடுவில் சுருக்கம் விழும், பிறகு எப்படி இழுத்தாலும் போகாது.

வேலணை அக்கா: எதால் கழுவுவது?

நல்ல தண்ணீரும் மெல்லிய சோப்பும். குளோரின் வேண்டாம். கழுவினபின் இருக்கையை நிமிர்த்திச் சுவரில் சாத்தி வையுங்கள்.