பழைய பிளாட்ஃபார்மில் புது நிசான் இசட்: கொடுக்கிற காசுக்குத் தகுமா?

லாஸ்பேட்டையிலிருந்து: அண்ணே, புது நிசான் இசட் ஸ்போர்ட்ஸ் கார் உள்ளுக்குள்ள பழைய 370இசட்தானாமே. பழைய கள், புது மொந்தையா?

கள்ளும் பாதி புதுசுதான் தம்பி. 370இசட்டுக்குக் கம்பெனி வைத்த குறியீடு இசட்34, இது ஆர்இசட்34. இதிலேயே விஷயம் தெரிந்துவிடும். வீல்பேஸ், அதாவது முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவிலுள்ள தூரம், அதே 2,550 மில்லிமீட்டர். உள்ளே உட்கார்ந்தால் ஏசி திருகு குமிழ்கள், கையால் இழுக்கிற ஹேண்ட்பிரேக் எல்லாம் 370இசட் ஓட்டியவருக்குப் பழகியவை. ஆனால் 3.7 லிட்டர் எஞ்சின் போய் 3 லிட்டர் இரட்டை டர்போ வி6 வந்திருக்கிறது. 332 குதிரைசக்தி 400 ஆகியிருக்கிறது, டார்க் எனும் சுழற்று விசை 366-லிருந்து 475 நியூட்டன் மீட்டர். ஸ்டியரிங்கை முன்னே பின்னே இழுத்து வைக்கிற வசதி பழசில் கிடையாது, இதில் உண்டு.

ஒரு காருக்குக் கம்பெனி கொட்டுகிற பணத்தில் பெரும்பங்கு தரைச்சட்டம், சஸ்பென்ஷன் மாட்டுகிற இடங்கள், மோதல் தாங்கும் கட்டமைப்பு இவற்றுக்கே போகும்; இவை சேர்ந்ததைத்தான் பிளாட்ஃபார்ம் என்கிறார்கள். இரண்டு சீட் கூபே எத்தனை பேர் வாங்குவார்கள்? எல்லாவற்றையும் புதிதாகச் செய்ய நினைத்திருந்தால் இந்த வண்டியே வந்திருக்காது என்பது என் கணிப்பு.

மஞ்சக்குப்பம், கடலூர்: அப்ப நஷ்டமே இல்லையா சார்?

இருக்கிறது. வளைவில் வேகமாகத் திருப்பினால் டொயோட்டா ஜிஆர் சுப்ரா காட்டுகிற இறுக்கம் இதில் வராது. அது பிஎம்டபிள்யூ இசட்4-உடன் பங்கு போட்ட, வயது குறைந்த பிளாட்ஃபார்ம். ஆனால் விலையைப் பாருங்கள். அமெரிக்காவில் இசட் 39,990 டாலருக்கு ஆரம்பித்தது, 3 லிட்டர் சுப்ரா 50,000-க்கு மேல். அந்த வித்தியாசத்துக்கு இசட் லாபம். அதே பழைய சட்டத்தில் 420 குதிரைசக்தி நிஸ்மோவை (இசட்டின் வீரியம் கூட்டிய வகை) ஏறக்குறைய 65,000 டாலருக்கு விற்றார்கள் பாருங்கள், அதற்கு நான் தலையாட்ட மாட்டேன்.

வில்லியனூர்: டொயோட்டா ஜிஆர்86-ம் இதே கதைதானே?

ஆமாம். 2012 வண்டியின் சட்டத்தைத் திருத்தி 2021-ல் விட்டார்கள். 2 லிட்டர் எஞ்சினை 2.4 ஆக்கியதில் நடு ஆர்பிஎம்மில் இருந்த சோர்வு போனது. சரியான இடத்தில் செலவு செய்திருக்கிறார்கள்.

முத்தியால்பேட்டை, இப்போது பாரிஸ்: இங்கே ஷோரூமில் இசட் கிடைக்குமா?

கிடைக்காது. புகை விதிகளால் ஐரோப்பாவுக்கு விடவில்லை.

நெய்வேலிக்காரர், துபாய்: இங்க கிடைக்குது. ரெண்டு வருஷம் ஓட்டிட்டு ஊருக்கு எடுத்துட்டு வரலாமா அண்ணே?

வேண்டாம் தம்பி. அங்கே விற்பது இடப்பக்க ஸ்டியரிங். பழைய வண்டி இந்தியாவுக்குள் வர ஸ்டியரிங் வலப்பக்கம் இருக்க வேண்டும். அங்கேயே ஆசை தீர ஓட்டி, அங்கேயே விற்றுவிடுங்கள்.

அரியாங்குப்பம்: அப்ப நம்ம ஊர்ல இருந்து என்னதான் வாங்குறது?

பிஎம்டபிள்யூ எம்340ஐ. சென்னைப் பக்கத்திலேயே பாகங்களைப் பூட்டிச் சேர்க்கிறார்கள், சுப்ராவில் இருக்கிற அதே குடும்ப எஞ்சின், பின் சீட்டில் பிள்ளைகளும் உட்காரலாம். வேடிக்கை என்னவென்றால் இதன் பிளாட்ஃபார்மும் 2015-ல் பிஎம்டபிள்யூ 7 சீரிஸோடு வந்ததன் வழிதான். அதை யாரும் பழசு என்று முகம் சுளிப்பதில்லை!

திருப்பாதிரிப்புலியூர்: புதுச்சேரி நம்பர் போட்டா வரி மிச்சமாமே?

புதுச்சேரியில் குடியிருந்தால் சரி. கடலூரில் வைத்து ஓட்டினால் 12 மாதத்துக்கு மேல் போகும்போது தமிழ்நாட்டில் மறுபதிவு செய்தாக வேண்டும். சும்மா வீட்டு வாடகைச் சீட்டு தயார் பண்ணுகிற வேலைக்கு என்னைக் கேட்காதீர்கள்.

காலாப்பட்டு: செகண்ட் ஹேண்ட் 370இசட் ஒண்ணு வருது, மேனுவல் கியர். எதைப் பார்க்கணும் அண்ணே?

முதலில் லிஃப்டில் ஏற்றுங்கள். கடலோரத்தில் நின்ற வண்டி என்றால் பிரேக் குழாய்கள், சப்ஃபிரேம் (சஸ்பென்ஷனைத் தாங்கும் சட்டம்) வெல்டிங் ஓரங்கள், போல்ட் தலைகள் எல்லாவற்றையும் டார்ச் அடித்துத் துரு பாருங்கள். அடுத்து கிளட்ச். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு பெடலைப் பலமுறை மிதியுங்கள். தரையோடு ஒட்டிக்கொண்டு மேலே வரத் தாமதித்தால் கிளட்சைத் தள்ளி விடுவிக்கிற ஸ்லேவ் சிலிண்டர் கெட்டுப்போகிறது என்று சந்தேகப்படலாம். இந்த வண்டியில் அது கியர்பாக்ஸ் கூட்டுக்குள் இருக்கிறது, பெட்டியையே இறக்கினால்தான் மாற்ற முடியும். அந்தக் கூலியைச் சொல்லி விலையைக் குறைத்துக் கேளுங்கள்.