பாரிஸுக்கு அப்புறம் லியோன்: கேள்வி பதில்

பிரான்ஸ் கிளம்புகிறவர்கள் லியோன் பற்றிக் கேட்ட கேள்விகள் சேர்ந்துவிட்டன. இந்த ஊரில் குடியிருப்பவள் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அக்கா, பாரிஸிலிருந்து காலையில் போய் இரவு திரும்பினால் லியோன் பார்த்துவிடலாமா? (சென்னை வாசகர்)

பார்த்துவிடலாம், ஆனால் மனசு ஆறாது. அதிவேக ரயிலில் சுமார் 2 மணி நேரம்தான். சார்ல் த கோல் விமான நிலையத்திலிருந்தே லியோனுக்கு நேரடி ரயிலும் உண்டு. டிக்கெட்டை முன்கூட்டியே எடுங்கள், கடைசி நேரத்தில் விலை எகிறிவிடும். ஒரே நாள்தான் என்றால் காலையில் ஃபூர்வியேர் குன்று, இறங்கி வந்து பழைய லியோன், மதியத்துக்கு மேல் க்ருவா ரூஸ் மேடு. மற்றதையெல்லாம் மறந்துவிடுங்கள். என்னைக் கேட்டால் இரண்டு இரவு தங்க வேண்டிய ஊர் இது.

அம்மாவுக்கு முழங்கால் வலி. அந்தக் குன்றில் ஏற முடியுமா? (கோவை வாசகி)

ஏறவே வேண்டாம். பழைய லியோன் மெட்ரோ நிலையத்திலிருந்தே இழுவை ரயில் மேலே போகிறது, மெட்ரோ டிக்கெட்டே செல்லும். இறங்கியதும் எதிரே வெள்ளை மாதா கோவில். அதன் பின்பக்கத் திடலில் நின்றால் சோன், ரோன் என்று இரண்டு ஆறுகளும் நடுவில் ஊரும் விரிந்து கிடக்கும். வானம் தெளிவாக இருந்தால் தூரத்தில் மோன் பிளாங்க் சிகரம்கூடத் தெரியும். கொஞ்சம் நடந்தால் ரோமானியர் கால அரங்கு. கி.மு. 43இல் அவர்கள் நிறுவிய லுக்டுனும்தான் இந்த ஊர். அரங்கைப் பார்க்கக் கட்டணம் இல்லை. கோடையில் அதே கல் படிகளில் ஜனங்கள் உட்கார்ந்து இசை நிகழ்ச்சி பார்க்கிறார்கள். திரும்பும்போதும் ரயிலிலேயே வாருங்கள், இறங்கும் படிகள்தான் முழங்காலை வாங்கும்.

ட்ராபூல் என்கிறார்களே, அடுத்தவர் வீட்டுக்குள் நுழைந்து போகிற வழியாமே? தப்பில்லையா? (மதுரை வாசகர்)

கிட்டத்தட்ட அப்படித்தான். பழைய லியோனில் தெருக்கள் ஆற்றுக்கு இணையாக நீளமாக ஓடும், குறுக்குத் தெரு குறைவு. அதனால் கட்டடங்களுக்குள்ளேயே நடையும் முற்றமுமாக வழி விட்டார்கள். ஒரு தெருவில் கதவைத் தள்ளி நுழைந்தால் அடுத்த தெருவில் வெளியே வரலாம். சேன் ழான் தெரு 54ஆம் எண்ணில் நுழையுங்கள். இருட்டான நடை, தபால் பெட்டிகள், ஒரு முற்றம், நிமிர்ந்தால் சதுரமாகக் கொஞ்சம் வானம், மறுபடி இருட்டு என்று மாறி மாறி வந்து, ப்யோஃப் தெரு 27ஆம் எண்ணில் வெளியேறுவீர்கள். பழைய லியோனில் மிக நீளமானது அதுதான்.

பொதுமக்களை உள்ளே விடுவதற்காகக் குடியிருப்பவர்களோடு நகராட்சி ஒப்பந்தம் போட்டிருக்கிறது, பராமரிப்பில் பங்கும் கொடுக்கிறது. ஆகவே தப்பில்லை. காலை நேரத்தில் போங்கள், பூட்டியிருக்கும் கதவை விட்டுவிடுங்கள், சத்தம் வேண்டாம். மேலே ஜன்னலுக்குப் பின்னால் யாரோ குழந்தையைத் தூங்க வைத்துக்கொண்டிருப்பார்கள்.

நாங்கள் காஞ்சிபுரம் நெசவுக் குடும்பம். லியோன் பட்டு பற்றிச் சொல்லுங்கள், அங்கே பார்க்க ஏதாவது மிச்சம் இருக்கிறதா?

இந்தக் கேள்வி வராதா என்று காத்திருந்தேன். உங்கள் ஊர்த் தறியின் மேலே ஜக்கார்டு பெட்டி இருக்கிறதே, அந்த ஜக்கார்டு 1752இல் லியோனில் பிறந்தவர். துளை போட்ட அட்டையைக் கோர்த்து, எந்த இழை தூக்க வேண்டும் என்பதை அட்டையே சொல்லும்படி அவர் 1804 வாக்கில் செய்த ஏற்பாடுதான் உலகம் முழுக்கப் போனது.

தறி உயரமாகிவிட்டதால் அது நிற்கிற அளவுக்கு வீடு கட்ட வேண்டி வந்தது. க்ருவா ரூஸ் மேட்டில் ஏறுங்கள். ஜன்னல்கள் ஆளுயரத்துக்கு மேல் இருக்கும், கூரை சுமார் 4 மீட்டர். வெளிச்சம் வேண்டும், தறியும் நிற்க வேண்டும். அங்கே மேசோன் தே கானு என்ற இடத்தில் இன்றும் கைத்தறி ஓட்டிக் காட்டுகிறார்கள். அட்டை நகரும் சத்தம் கேட்டதும் உங்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்காது.

நெய்தவர்கள் வாழ்க்கை பட்டாக இல்லை. பேசி முடித்த கூலியை வியாபாரிகள் தர மறுத்ததால் 1831 நவம்பரில் கிளர்ந்தெழுந்து, சில நாள் ஊரையே கையில் வைத்திருந்தார்கள். 1834இல் மறுபடி எழுந்தபோது ராணுவம் அடக்கியது. கோல்பேர் சதுக்கம் 9ஆம் எண்ணில் ஆறு மாடிக்குத் திறந்த கல் படிக்கட்டு ஒன்று இருக்கிறது. நெசவாளர் போராட்ட நினைவோடு சேர்த்துச் சொல்லப்படும் இடம், கட்டாயம் பாருங்கள். வாங்குவதென்றால், சுற்றுலாக் கடைகளில் தொங்கும் எல்லாத் துப்பட்டாவும் லியோன் நெசவு அல்ல. எங்கே நெய்தது என்று கேட்டுவிட்டு எடுங்கள். உங்களுக்குத் தொட்டாலே தெரிந்துவிடும்.

சாப்பாட்டுக்குப் பேர் போன ஊராமே. சைவத்துக்கு என்ன கதி? (திருச்சி வாசகி)

கொஞ்சம் கஷ்டம்தான். பூஷோன் என்ற இந்த ஊர் உணவகங்கள் குடல், ஈரல், பன்றி என்றே ஓடும். சாலட் என்று நம்பி லியோன் சாலட் கேட்டால் பன்றித் துண்டும் முட்டையும் வரும். கெனெல் என்று மிருதுவாக வருவது பெரும்பாலும் மீன். பால்கட்டியில் பூண்டும் பச்சிலையும் கலந்த செர்வெல் த கானு, அடுப்பில் சுட்ட உருளைக்கிழங்கு க்ராத்தேன், சர்க்கரை பூசிய பாதாமில் செய்யும் சிவப்பு ப்ராலீன் டார்ட் என்று சேர்த்தால் வயிறு நிறையும். இறைச்சிச் சாறு சேர்த்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சோறு இல்லாமல் முடியாதென்றால் கியோத்தியேர் பக்கம் ஆசியக் கடைகள் உண்டு. மதியச் சாப்பாடு 12 முதல் 2 மணிக்குள். மூன்றரைக்குப் போய் நின்றால் காபிதான். குழாய்த் தண்ணீர் கேட்டால் குடுவையில் இலவசமாக வைப்பார்கள்.

இரண்டு பிள்ளைகளோடு வருகிறோம். அவர்களுக்கு?

தெத் தோர் பூங்கா. 117 ஹெக்டேர், ஏரி, ஒட்டகச்சிவிங்கி உள்ள விலங்குக் காட்சிசாலை, எல்லாம் இலவசம். கொஞ்சம் பெரிய பிள்ளைகள் என்றால் சினிமாவின் முன்னோடிகளான லூமியேர் சகோதரர்களின் அருங்காட்சியகம். தொழிலாளர்கள் ஆலையை விட்டு வெளியே வருகிற அவர்களுடைய படத்தை 1895இல் எடுத்த இடம் அதே வளாகம். தெருவின் பெயரே ‘முதல் படத் தெரு’.

டிசம்பரில் விளக்குத் திருவிழா பார்க்க வரலாமா?

வரலாம், கூட்டத்துக்குத் தயாராக இருந்தால். 1852 டிசம்பர் 8 அன்று மாதா சிலையை நிறுவிய இரவில் ஊரார் ஜன்னலில் மெழுகுவர்த்தி வைத்ததில் ஆரம்பித்தது. இப்போது நான்கு நாள் போலக் கட்டடங்கள் மீதெல்லாம் ஒளிக்காட்சி, லட்சக்கணக்கில் ஜனங்கள். விடுதி மாதக்கணக்கில் முன்பே போய்விடும். 8ஆம் தேதி மாலை கூட்டத்தை விட்டுச் சாதாரணத் தெருவில் நடந்து பாருங்கள், வீட்டு ஜன்னல்களில் இன்னமும் அகல்போல் வைக்கிறார்கள். எனக்கு அதுதான் விழா.

ஒரு நாள் மிச்சமிருந்தால் பக்கத்தில் எங்கே போகலாம்?

வியென். ரயிலில் அரை மணி நேரம்கூட ஆகாது, ஊர் நடுவில் ரோமானியக் கோவில் அப்படியே நிற்கிறது. ஏரியும் மலையும்தான் வேண்டும் என்றால் ஆன்சி. அதற்குப் போக மட்டும் இரண்டு மணி நேரம் போல ஆகும், காலையிலேயே கிளம்புங்கள்.