ஒரே வசனத்தை எத்தனை முறை சொன்னால் சிரிப்பு வரும்?

கேள்வி: எங்கள் மேலாளர் ஓய்வு பெறுகிறார். எதற்காகப் போய் நின்றாலும் "அஞ்சு நிமிஷத்தில் வர்றேன்" என்பார். பிரிவு உபசார விழாவில் அதை வைத்தே கலகலப்பாகப் பேச ஆசை. நண்பரிடம் பேசிக் காட்டினேன். இரண்டாவது முறை அந்த வசனம் வந்தபோது சிரித்தவர், ஐந்தாவது முறை கைப்பேசியை எடுத்துவிட்டார். எத்தனை முறை சொல்லலாம்?

பதில்: எண்ணிக்கையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அந்த வசனம் உங்கள் பேச்சில் என்ன வேலை செய்கிறது என்று முதலில் பாருங்கள். திரும்பத் திரும்பச் சொல்வதால் மட்டும் சிரிப்பு வந்துவிடாது. "அடுத்ததும் இதுதான்" என்று கேட்பவரை நம்பவைப்பதுதான் அதன் வேலை. அந்த நம்பிக்கை பொய்க்கும்போது சிரிப்பு வருகிறது. இறுகி நின்ற எதிர்பார்ப்பு சட்டென்று ஒன்றுமில்லாமல் போவதுதான் சிரிப்பு என்று ஜெர்மன் தத்துவ அறிஞர் இம்மானுவேல் கான்ட் 1790-லேயே எழுதியிருக்கிறார். நீங்கள் எதிர்பார்ப்பை ஐந்து முறை வளர்த்தீர்கள், ஒருமுறைகூட ஏமாற்றவில்லை. நண்பர் சலித்துப்போனது அதனால்தான்.

ஒருமுறை நடந்தால் அது வெறும் சம்பவம். இரண்டாவது முறை நடந்தால் "ஓ, இவர் இப்படித்தான்" என்று மனம் முடிவுகட்டிவிடும். அதனால் பெரும்பாலும் இரண்டு போதும், மூன்றாவதில் மாற்றிவிடலாம். உங்கள் பேச்சையே எடுத்துக்கொள்வோம்:

"லீவு கேட்கப் போனேன். 'அஞ்சு நிமிஷத்தில் வர்றேன்' என்றார். லீவு வேண்டிய நாளே போய்விட்டது. சம்பள உயர்வு பற்றிப் பேசப் போனேன். 'அஞ்சு நிமிஷத்தில் வர்றேன்' என்றார். அது போன வருஷம். இன்றைக்கு அவரை வழியனுப்பும் விழா. எல்லோருக்கும் முன்னால் இங்கே வந்து உட்கார்ந்திருந்தவர்… அவர்தான்!"

கேட்பவருக்கு முதலில் இது பொருந்தாததாகத் தெரியும். அடுத்த நொடியே, "அடடா, கிளம்ப அவ்வளவு ஆசையா!" என்று பொருத்தம் பிடிபடும். நகைச்சுவை புரியும் விதத்தை இப்படி இரண்டு கட்டமாக உளவியலாளர் ஜெரி சல்ஸ் 1972-ல் விளக்கினார்: முதலில் முரண், பிறகு அந்த முரணுக்கான விடை. விடை கிடைக்காத திருப்பம் வெறும் குழப்பம்தான். மூன்றாவதாக எதையாவது விசித்திரமாகச் சொன்னால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அங்கேதான் நல்ல நகைச்சுவையெல்லாம் வீணாகிறது.

மேலே உள்ள கடைசி வாக்கியத்தின் சொல்வரிசையையும் கவனியுங்கள். "அவர்தான் எல்லோருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்திருந்தார்" என்றால் விஷயம் முதல் சொல்லிலேயே வெளியே வந்துவிடுகிறது. மிச்சமுள்ள சொற்கள் சிரிப்பின் மேல் ஏறி மிதிக்கும். தமிழில் வினைமுற்று கடைசியில் வருவது இயல்பு. ஆனால் "வந்தவர் அவர்" என்று திருப்பிப் போடவும் நமக்கு வசதி இருக்கிறது. திருப்பத்தைச் சுமக்கும் சொல் எதுவோ அதைக் கடைசிக்குத் தள்ளுங்கள். அதற்கு முன் ஒரு சின்ன இடைவெளி விடுங்கள், போதும்.

இன்னொரு வழியும் இருக்கிறது, எனக்கு இதுதான் அதிகம் பிடிக்கும். வசனத்தை மாற்றாமல் சூழலை மாற்றுவது. "தீ எச்சரிக்கை மணி அடித்தது. எல்லோரும் படிக்கட்டில் ஓடினோம். இவர் அறையிலிருந்து குரல் மட்டும் வந்தது: 'அஞ்சு நிமிஷத்தில் வர்றேன்.'" இங்கே பழைய வசனமே வியப்பாகிவிட்டது. உயிருள்ள மனிதர் சூழலுக்கு வளைந்துகொடுக்காமல் இயந்திரம்போல நடப்பதே சிரிப்பின் ஊற்று என்று பிரெஞ்சு அறிஞர் ஹென்றி பெர்க்சன் 1900-ல் வாதிட்டார். எல்லாச் சிரிப்புக்கும் அது பொருந்துமா என்பது வேறு விஷயம், இந்த வகைக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது.

இதை உடனே சொல்லிவிடாதீர்கள். முதல் சிரிப்பு அடங்கியதும் அவருடைய உழைப்பைப் பற்றி மனதார நாலு வார்த்தை பேசுங்கள். அந்த வசனம் எல்லோருக்கும் மறந்துபோன நேரத்தில் தீ எச்சரிக்கையைக் கொண்டுவாருங்கள். பழையதையும் புதியதையும் கேட்பவர் தாமாகவே இணைப்பார். அந்தச் சந்தோஷம் பெரியது.

"ஒரு ஜோக் சொல்கிறேன்" என்ற முன்னறிவிப்பு வேண்டாம். நம்மை நாமே கிச்சுகிச்சு மூட்டினால் சிரிப்பு வருவதில்லை அல்லவா? அடுத்து வரப்போகும் தொடுதலை மூளை முன்கூட்டியே கணித்து, அந்த உணர்வை மட்டுப்படுத்திவிடுகிறது. நரம்பியல் ஆய்வாளர் சாரா ஜேன் பிளேக்மோரும் சக ஆய்வாளர்களும் 1998-ல் மூளைப் படங்களின் வழியே இதைக் காட்டினார்கள். முன்கூட்டியே அறிவித்த ஜோக்கும் அப்படித்தான் மழுங்கிவிடும்.

அப்புறம், சம்பள உயர்வு அங்கே உண்மையிலேயே மனக்கசப்பான விஷயம் என்றால் அந்த வரியை எடுத்துவிடுங்கள். ஏதோ ஒரு ஒழுங்கு மீறப்படவும் வேண்டும், அது யாரையும் புண்படுத்தாததாகவும் தெரிய வேண்டும், அப்போதுதான் சிரிப்பு வரும் என்று ஆய்வாளர்கள் பீட்டர் மெக்ராவும் கேலப் வாரனும் 2010-ல் முன்வைத்தார்கள். மேலாளர் தாமே சிரிப்பார் என்று உறுதியாகத் தெரிந்ததை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அவரோடு வேலை செய்யாதவர்களும் விழாவுக்கு வருவார்கள் என்றால், முதல்முறை அந்த வசனத்தை அவசரப்படாமல் தெளிவாகச் சொல்லுங்கள். அது மனதில் பதியாவிட்டால் பின்னால் வரும் எதுவும் அவர்களைத் தொடாது.

சிரிப்பு எழுந்தால் அது தணியும்வரை காத்திருங்கள். எழாவிட்டால் விளக்கம் சொல்லாமல் அடுத்த வரிக்குப் போய்விடுங்கள்.